கம்பி வந்தாச்சு... சீட் எங்கே?

எங்கள் தொண்டாமுத்தூரில் எல்லாம் உண்டு. பின்னால் வெள்ளியங்கிரி மலை. சுற்றிலும் பாக்குத் தோப்பு, வாழைத் தோட்டம். ராத்திரியில் அந்த வாழையை நலம் விசாரிக்க வருகிற யானை. இல்லாதது ஒன்றே ஒன்று... ரயில்! தண்டவாளத்தைக் கண்ணால் பார்க்கவே வடவள்ளி வழியாக டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கோவைக்குப் போக வேண்டும். ஆகவே, ரயிலைப் பற்றி எழுத எனக்கு முழுத் தகுதி இருக்கிறது. கல்யாணத்தைப் பற்றி அதிகம் பேசுவது யார்? கல்யாணம் ஆகாதவன்தானே!

டீக்கடையில் ஒரு பெரியவர். தோட்டக்காரர். பேரன் சென்னையில் வேலை பார்க்கிறான். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏங்கண்ணு, நாடு பூரா கரண்ட் ரயிலு ஆயிப்போச்சாமா?"

"ஆமாங்க பெரியப்பா. நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது ஆயிருச்சு."

"அப்ப தீவாளிக்கு எம் பேரனுக்கு டிக்கெட் கெடைச்சுருமில்ல?"

கேள்வி ஆறு வார்த்தை. பதிலுக்கு இந்த வாரம் முழுப் பக்கமும் வேண்டும்.

* * *

முதலில் நல்ல சேதி. பெரியவர் படித்தது உண்மைதான்.

இந்தியாவில் முதல் மின்சார ரயில் ஓடியது 1925 பிப்ரவரி 3-ம் தேதி. பம்பாய் விக்டோரியா டெர்மினஸில் இருந்து குர்லா வரை. ஆறு வருஷம் கழித்து, 1931-ல், நம் சென்னை கடற்கரை - தாம்பரம் லைனில் மின்சார வண்டி வந்தது. அது மீட்டர் கேஜ். அத்தோடு உற்சாகம் தீர்ந்துவிட்டது. 1947-ல் வெள்ளைக்காரர் மூட்டை கட்டிக் கிளம்பியபோது, நாடு முழுக்க மின்சாரக் கம்பி போட்ட பாதை மொத்தமே 388 கிலோமீட்டர். சென்னையில் இருந்து திருச்சி தாண்டிக் கொஞ்ச தூரம், அவ்வளவுதான்.

1957-ல் ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள். இனி 25,000 வோல்ட் ஏ.சி. மின்சாரம் என்று. பிரான்ஸ்காரர்கள் செய்து காட்டிய முறை. அதற்குப் பிறகும் நிதானம்தான். 1980, 90-களில் கம்பி சென்னைப் பக்கமிருந்து ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, கோவை என்று துண்டு துண்டாக நகர்ந்து வந்தது. கம்பி முடிகிற ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் பிளாட்பாரத்தில் இறங்கி வடை வாங்கி, காதலித்து, கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளலாம்.

2014-ல் கணக்கு சுமார் 21,800 கிலோமீட்டர். அதற்கு மேல்தான் ஓட்டம். 2018-ல் மீதி அகலப் பாதை முழுவதற்கும் கம்பி போட மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்தது. பத்து வருஷத்தில் 40,000 கிலோமீட்டருக்கு மேல் போட்டாயிற்று. சராசரியாக நாளைக்கு 11 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் போட்டால் தொண்டாமுத்தூரில் இருந்து காந்திபுரத்துக்கு ஒன்றரை நாளில் கம்பி வந்துவிடும். (தண்டவாளம் இருந்தால்.) 2025-ல் அகலப் பாதையில் 99 சதவீதத்தைத் தொட்டுவிட்டார்கள்.

நமக்கு ரயில் ஓட்டச் சொல்லிக் கொடுத்த பிரிட்டனில் இன்னும் பாதிப் பாதைக்குக்கூடக் கம்பி இல்லை. அமெரிக்காவில் கம்பி போட்ட பாதையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாத்தியார் ஃபெயில், மாணவன் டிஸ்டிங்ஷன். கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்.

* * *

கரண்ட்டில் ஓடினால் என்ன லாபம்? கொங்கு நாட்டு ஆசாமிக்கு இதை விளக்கவே வேண்டாம். கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் வைத்தவனுக்கும் கரண்ட் மோட்டார் வைத்தவனுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: டீசல் ரயிலும் உள்ளுக்குள் கரண்ட் ரயில்தான்! டீசல் எஞ்சின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. ஜெனரேட்டர் தருகிற கரண்ட்டில்தான் சக்கரத்து மோட்டார் ஓடுகிறது. அதாவது, வண்டி தன் ஈ.பி. ஆபீஸையே முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிறது. அந்த மூட்டையை இறக்கி வைத்தால்? அதே எடையுள்ள எஞ்சின் இன்னும் அதிக பலத்தோடு இழுக்கும். டீசலுக்கு வெளிநாட்டுக்காரன் வாசலில் நிற்க வேண்டாம். புது மாதிரி எலெக்ட்ரிக் எஞ்சின்களில் பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, கரண்ட்டைக் கம்பிக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். கைமாற்று வாங்கியதைக் கேட்காமலே திருப்பித் தருகிற ஒரே ஜீவன் இந்தியாவில் இதுதான்.

சுவிட்சர்லாந்து நூறு வருஷம் முன்பே இதைப் புரிந்துகொண்டது. அங்கே நிலக்கரி கிடையாது. முதல் உலக யுத்தத்தில் வெளியில் இருந்து கரி வருவது தடுமாறியதும் தவித்துப் போனார்கள். மலையில் அருவி இருக்கிறதே என்று அதில் மின்சாரம் எடுத்து ரயிலுக்குக் கொடுத்தார்கள்.

நம் பக்கமும் மலை உண்டு, அருவி உண்டு. 1932-ல் நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் வந்தது. அந்தக் கரண்ட்டில்தான் கோவை மில்கள் பெருகின. கிணற்று மோட்டார்கள் பெருகின. அந்த மோட்டாரைச் செய்கிற பட்டறைகளும் பெருகின. ஆனால், மில்லுக்கும் கிணற்றுக்கும் 1932-ல் வந்த கரண்ட், கோவை ரயிலுக்கு வர ஏறக்குறைய அறுபது வருஷம் எடுத்துக்கொண்டது. அத்தனை வருஷமும் பஞ்சு மூட்டைகள் கரியிலும் டீசலிலும் பயணம் செய்து வந்து, கரண்ட்டில் நூலாகின.

* * *

அடுத்த தடவை பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது அண்ணாந்து பாருங்கள். தண்டவாளத்துக்கு மேலே கம்பி நேராகப் போகாது. கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று வளைந்து வளைந்து போகும். போட்டவர் தூக்கக் கலக்கத்தில் போட்டதல்ல. எஞ்சின் தலையில் இருக்கிற பாண்டோகிராஃபின் கார்பன் பட்டை கம்பியில் உரசிக்கொண்டே வருகிறதே... கம்பி நேராக இருந்தால் பட்டையில் ஒரே இடம் தேய்ந்து பள்ளமாகிவிடும். சாணைக்கல்லின் முழு அகலத்திலும் கத்தியை நகர்த்தித் தீட்டுவோமே, அந்த சூட்சுமம்.

இன்னொன்று. மெமு வண்டியில் போகும்போது திடீரென்று விளக்கும் ஃபேனும் அணைந்து, சில நொடிகளில் மறுபடி வருவதைக் கவனித்திருப்பீர்கள். பவர் கட் அல்ல. பாதை நெடுக 40, 50 கிலோமீட்டருக்கு ஒரு துணை மின் நிலையம் உண்டு. பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளுக்கு வேறு வேறு பேஸ் கொடுப்பார்கள். நம் வீட்டில் ஒரு பேஸ் போனால் பக்கத்து வீட்டில் எரியுமே, அந்த பேஸ்தான். இரண்டும் சேரும் இடத்தில் கொஞ்ச தூரம் கரண்ட் இல்லாத கம்பி. டிரைவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஓடி வந்த வேகத்திலேயே அதைக் கடந்து, மறுபடி போடுவார். மாசக் கடைசியை நாம் கடக்கிற மாதிரி.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் வருவது 230 வோல்ட். இங்கே 25,000. நூறு மடங்குக்கும் மேல். இதைத் தொட வேண்டியதே இல்லை, பக்கத்தில் போனாலே பாய்ந்து பிடிக்கும். நின்றுகொண்டிருக்கும் கூட்ஸ் வண்டி மேலே ஏறி செல்ஃபி எடுக்கப் போன பையன்களின் கதை அடிக்கடி பேப்பரில் வருகிறது. படம் யாருக்கும் கிடைப்பதில்லை, பையனும் கிடைப்பதில்லை. தயவுசெய்து ஏறாதீர்கள்.

* * *

இவ்வளவு சாமர்த்தியமான கம்பி வந்த பிறகும் பெரியவரின் பேரனுக்கு டிக்கெட் கிடைக்குமா? இங்கேதான் விஷயம் உதைக்கிறது.

2023 ஏப்ரலில் சென்னை - கோவை வந்தே பாரத் தொடங்கியது. அந்த ரகம் சோதனை ஓட்டத்தில் 180 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட வண்டி. சென்னையில் இருந்து கோவைக்குச் சுமார் 495 கிலோமீட்டர். தொடங்கியபோது கொடுத்த நேரம் 5 மணி 50 நிமிஷம். வகுத்துப் பாருங்கள். சராசரி 85. ஏன்? கம்பி புதுசு, வண்டி புதுசு, பாதை பழசு. வளைவில் குறைக்க வேண்டும். முன்னால் ஒரு கூட்ஸ் போனால் பின்னால் காத்திருக்க வேண்டும். ஒலிம்பிக் ஓட்டக்காரரை ஒப்பணக்கார வீதியில் தீபாவளிக்கு முதல் நாள் ஓடச் சொன்ன கதை.

இரண்டு கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கம்பி போட்ட பாதை 388 கிலோமீட்டரில் தொடங்கி, அகலப் பாதை முழுக்கப் பரவிவிட்டது. மொத்த ரயில் பாதை? 1951-ல் சுமார் 53,600 கிலோமீட்டர். இன்று ஏறக்குறைய 69,000. அப்போது ஜனத்தொகை 36 கோடி. இப்போது 140 கோடிக்கு மேல். ஜனங்கள் நாலு மடங்கு, பாதை ஒண்ணேகால் மடங்கு சொச்சம். நடுவில் இரட்டைப் பாதைகள் வந்தன. 1992-ல் ஆரம்பித்த அகலப்பாதைத் திட்டமும் பெரிய வேலை. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாலு பேர் சாப்பிட ஒண்ணேகால் இலை போட்டுவிட்டு, "பாருங்கள், பந்தலில் சீரியல் லைட் போட்டிருக்கிறோம்" என்றால் பசி தீருமா?

டிக்கெட் முன்பதிவு 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைந்தது 2024 நவம்பரில். க்யூவின் நீளம்தான் குறைந்தது. சீட்டின் எண்ணிக்கை அதே.

* * *

கம்பி இவ்வளவு வேகமாக வருகிறது, தண்டவாளம் ஏன் வருவதில்லை?

நம் பக்கத்து உதாரணங்களே போதும். போத்தனூர் - பொள்ளாச்சி, 40 கிலோமீட்டர். மீட்டர் கேஜை அகலப் பாதையாக்க 2009-வாக்கில் மூடினார்கள். மறுபடி ரயில் ஓடியது 2017-ல். மூடியபோது ஒண்ணாவது படித்த பையன் திறந்தபோது மீசை முளைத்து நின்றான். இத்தனைக்கும் பழைய தடத்திலேயே போகிற பாதை. பாலம் பலமாக வேண்டும், கரை அகலமாக வேண்டும், வளைவு நிமிர வேண்டும். அதற்கே எட்டு வருஷம். திறந்த பிறகும், முன்பு ஓடிய வண்டிகள் எல்லாம் திரும்பவில்லை என்று பொள்ளாச்சிக்காரர்கள் பல வருஷம் மனு கொடுத்தார்கள்.

புதுப் பாதை என்றால் கதை இன்னும் நீளம். நாமக்கல் வழியாக சேலம் - கரூர், 85 கிலோமீட்டர். 1990-களில் அனுமதி. ரயில் ஓடியது 2013-ல். நாமக்கல் டவுன் ரயிலைப் பார்த்ததே அப்போதுதான். ஈரோடு - பழனி பாதையோ பட்ஜெட்டுக்கு பட்ஜெட் பெயர் மட்டும் வந்து போனது. காங்கேயம், தாராபுரம்காரர்கள் ரயில் சத்தத்தை ரேடியோவில்தான் அதிகம் கேட்டிருப்பார்கள்.

காரணம் ஒரே சொல்: நிலம்.

கம்பிக்கு நிலம் வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற ரயில்வே இடத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டால் முடிந்தது. யாரிடமும் பட்டா கேட்க வேண்டாம், யார் தென்னையையும் வெட்ட வேண்டாம். அதனால்தான் நாளைக்கு 11 கிலோமீட்டர். தண்டவாளம் அப்படியில்லை. யாரோ ஒருவர் தோட்டத்தின் நடுவே போக வேண்டும்.

டீக்கடைப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "நம்மூருக்கு ரயில் வந்தா எப்படிங்க பெரியப்பா?"

"வரட்டுங்கண்ணு, நல்லதுதான!"

"உங்க தோப்பு வழியாத்தான் வருமாம்."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஏன், பக்கத்துத் தோட்டத்துல போனா ஓடாதாமா?"

சிரிக்காதீர்கள். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2018-ல் சத்தீஸ்கரின் ராய்கரில் இருந்து புகளூருக்கு வரும் உயர்மின் கோபுரங்களைத் தோட்டங்களில் நட்டபோது கொங்குப் பக்கம் விவசாயிகள் பந்தல் போட்டு உட்கார்ந்து போராடினார்கள். அதற்குக் காட்டப்பட்ட அதிகாரம் 1885-ம் வருஷத்து தந்திச் சட்டம்! தந்தியையே 2013-ல் நிறுத்தியாயிற்று. சட்டம் மட்டும் சளைக்காமல் தோட்டத்துக்குள் வந்து நின்றது. நிலத்தை முழுசாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, முழு விலை கொடுக்கவும் இல்லை. தலைக்கு மேல் லட்சக்கணக்கான வோல்ட் போகிற காட்டை யார் வாங்குவார்கள், எந்த பேங்க் கடன் கொடுக்கும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் காதால் கேட்ட தலைமுறையிடம்தான் நாளைக்குத் தண்டவாளத்துக்கு நிலம் கேட்கப் போகிறோம்.

2013-ல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம் மார்க்கெட் விலையைப் போல் பல மடங்கு தரச் சொல்கிறது. காகிதத்தில் அருமை. ஆனால் மடங்கு போடுவது எந்த விலைக்கு? கிராமத்தில் பத்திரத்தில் எழுதுகிற விலை வேறு, கைமாறுகிற விலை வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். அஸ்திவாரம் பொய்யாக இருந்தால் நாலு மடங்கும் பொய்தான்.

* * *

நிலம் கொடுக்கச் சம்மதமா என்று யாரும் கேட்காத ஒரு கட்சி இருக்கிறது. அதற்கு நாலு கால், ஒரு தும்பிக்கை.

மதுக்கரை, எட்டிமடை, வாளையாறு. கோவையில் இருந்து கேரளா போகிற பாதை காட்டை ஒட்டி, காட்டுக்குள் புகுந்து போகிறது. எங்கள் ஊர் வாழையைத் தின்ன வருகிற கூட்டமும் இதே மலையடிவாரத்துச் சொந்தங்கள்தான். 2021 நவம்பர் 26-ம் தேதி ராத்திரி, நவக்கரை பக்கம், மங்களூர் - சென்னை எக்ஸ்பிரஸ் மோதி மூன்று யானைகள் செத்தன. ஒன்று பெரிய பெண் யானை. மற்ற இரண்டும் இளசு. வாழை போனதற்கு யானையைத் திட்டித் தீர்க்கிற எங்கள் ஊர்க்காரர்களே அன்றைக்குப் பேச்சில்லாமல் இருந்தார்கள்.

பிறகு வேலை நடந்தது. யானைகள் கடக்கச் சுரங்கப்பாதை கட்டினார்கள். 2024 பிப்ரவரியில் மதுக்கரையில், கோபுரத்தில் கேமரா வைத்து, யானை தண்டவாளத்தை நெருங்கினால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துச் சேதி சொல்கிற ஏற்பாடு வந்தது. ராத்திரி இருட்டிலும் உடம்புச் சூட்டை வைத்துக் கண்டுபிடிக்கும் கேமரா. சேதி வந்ததும் வண்டி மெதுவாகும், வனத்துறை ஆட்கள் ஓடுவார்கள். மனசு வைத்தால் நடக்கிறது, பாருங்கள். ஆனால் மூன்று உயிர் போன பிறகு வைக்காமல், திட்டம் போடும்போதே வைக்கலாம்.

* * *

ஆக, பெரியவருக்கு என் பதில் இதுதான்: கம்பி வந்தது நிஜம், நல்லது. டீசல் மிச்சம், புகை மிச்சம். ஆனால் கம்பி சீட் தராது. தண்டவாளம்தான் தரும்.

பேரன் தீபாவளிக்கு மட்டும் வருகிறவன். தினமும் கோவையில் இருந்து திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் வேலைக்குப் போகிற நம்மை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூர் 50 கிலோமீட்டர், ஈரோடு 100. மெமு வண்டி இந்த மாதிரி வேலைக்கென்றே பிறந்தது. எஞ்சின் ஒரு முனையில் இழுக்காமல், நடுவில் பல பெட்டிகளில் மோட்டார் இருப்பதால் நிறுத்தினதும் நிற்கும், எடுத்ததும் பாயும். கம்பி வந்ததன் உண்மையான பலன் சாதாரணப் பயணிக்கு இதில்தான். சென்னைக் கடற்கரை - தாம்பரத்தில் சில நிமிஷத்துக்கு ஒரு வண்டி ஓடுகிறதென்றால், லோக்கலுக்குத் தனித் தண்டவாளம் இருக்கிறது. இங்கே எக்ஸ்பிரஸ், கூட்ஸ், மெமு எல்லாம் போக ஒன்று, வர ஒன்று என்று அதே இரண்டு தண்டவாளத்தில் முட்டி மோதுகின்றன. மூன்றாவது, நாலாவது தண்டவாளம் வந்தால் அரை மணிக்கு ஒரு லோக்கல் கனவல்ல. பனியன் கம்பெனிப் பையன் ராத்திரி வீட்டில் சாப்பிடலாம்.

கோவைக்குத் தண்டவாளக் கதை புதுசும் இல்லை. 1862-ல் சென்னையில் இருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட மெயின் லைன் போத்தனூர் வழியாகப் போய்விட்டது. கோவை டவுனுக்கு ரயில் வந்ததே 1873-ல் போத்தனூர் - மேட்டுப்பாளையம் கிளைப் பாதை போட்டபோதுதான். அன்றைக்கு ஒதுங்கிப் போன பாதையின் வலி, பெரிய எக்ஸ்பிரஸ்கள் கோவைக்குள் வராமல் போத்தனூரோடு போனபோதெல்லாம் தெரிந்தது. தண்டவாளத்தை எங்கே போடுகிறோம் என்பது நூற்றைம்பது வருஷத்து விவகாரம். அவசரப்பட்டும் போடக் கூடாது, ஆறப்போட்டும் வைக்கக் கூடாது.

அதனால், அடுத்த தடவை மேடையில் யாராவது "இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் மின்மயம்" என்று முழங்கினால் தாராளமாகக் கை தட்டுங்கள். தட்டிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். புதுத் தண்டவாளம் எத்தனை கிலோமீட்டர்? நிலம் கொடுத்தவருக்கு நிஜ விலை கொடுத்தீர்களா? யானைக்கு வழி விட்டீர்களா?

மூன்றுக்கும் பதில் வந்தால், தொண்டாமுத்தூருக்கு ரயில் வராவிட்டாலும் பரவாயில்லை. டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே வந்து ஏறிக்கொள்கிறோம். உள்ளே உட்கார இடம் இருந்தால் போதும்!